வெற்றறையும் பற்றற்ற உள்ளமும்

ஓசை அடங்கிய இடத்தை அமைதி நிறைந்த இடம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பொருள் குறைந்த வீட்டைக் கண்டால் பற்றற்றவர் வாழும் வீடு என்று எண்ணிவிடுகிறோம். இவ்விரண்டு முடிவுகளும் சரிதானா என்னும் ஐயம் நம் உள்ளத்தில் எழுவதற்குக் காரணமாய் இருந்தது ஓர் ஓவியம். அதை வரைந்தவர் டென்மார்க் நாட்டினர். நம் சமயத்தையோ நம் மொழியையோ அறிந்தவர் என்று சொல்ல இடமில்லை. ஆயினும் அவ்வோவியம் எழுப்பும் வினா, இல்லறத்தில் நின்று அறம் பேண விழையும் நம் போன்றோருக்கு நேராக உரியது. ஆகவே அதனை இங்கே அன்பர்களின் சிந்தனைக்கு வைக்கிறோம்.

நண்பர் ஒருவர் தந்த நாட்காட்டித் தாளில் அவ்வோவியத்தின் அச்சுப்படி இருந்தது. அதைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினோம். ஒரு நாள் வீட்டிற்கு வந்த பெரியவர் ஒருவர் அதனை நெடுநேரம் நோக்கி நின்று, “துறவியின் அறை போல் இருக்கிறது” என்றார். அதே ஓவியரின் மற்றொரு படத்தை ஒரு நூலில் காட்டியபோது, எம் இல்லத்து மூத்த அம்மையார் கேட்ட கேள்வி வேறு: “இந்தப் பெண் ஏன் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை?” இந்த இரண்டு சொற்களே இக்கட்டுரையின் இரண்டு பகுதிகளாகும்.

ஓவியரும் அவர் வாழ்ந்த வீடும்

ஓவியரின் பெயர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய். 1864-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் பிறந்தார். அவர் பிறந்த அதே ஆண்டில் டென்மார்க் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் போரிட்டுத் தோற்று, தன் தென்பகுதி நிலங்களை இழந்தது. முன்பு 1814-இல் நார்வேயையும் இழந்திருந்த அந்நாடு, வெளியே சுருங்கிய நாடாயிற்று. அக்காலத்து டேனிஷ் ஓவியர் பலர் வீட்டின் உட்புறத்தை விரும்பி வரைந்ததற்கு இதுவே காரணம் என்று அறுதியிட்டு உரைப்பது மிகையாகும். ஆயினும் வெளியுலகில் பெருமை குறைந்த ஒரு மக்கள் கூட்டம், சன்னல், மேசை, சுவர் ஆகிய சிறியவற்றில் மதிப்பைக் காணத் தலைப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளலாம்.

எட்டு வயதிலேயே ஓவியப் பயிற்சியைத் தொடங்கிய ஹாமர்ஷோய், அரசு கலைக்கழகத்தில் பயின்றார். இளமையிலேயே அவர் படங்கள் சில பரிசுக்கும் கண்காட்சிக்கும் தகாதன என்று தள்ளப்பட்டன. 1891-இல் ஈடா இல்ஸ்டெட் என்னும் பெண்மணியை மணந்தார். அவ்விருவருக்கும் மக்கட்பேறு இல்லை. 1898 முதல் 1909 வரை, கோபன்ஹேகனில் கிறிஸ்டியான்ஸ்ஹவுன் என்னும் பகுதியில், ஸ்ட்ராண்ட்கேட் என்ற தெருவில், 30-ஆம் எண்ணுடைய பழைய வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தனர். அப்பெயருக்குக் கரையோரத் தெரு என்பது பொருள். அவ்வீடு 17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அந்த ஒரு குடியிருப்பின் அறைகளை மட்டும் 60-க்கும் மேற்பட்ட படங்களாக அவர் வரைந்தார் என்பதே வியப்பிற்குரியது. உலகெங்கும் சென்று காட்சி தேடும் கலைஞர் உண்டு. இவரோ இலண்டன், பாரிசு, இத்தாலி, ஆலந்து என்று பயணம் செய்திருந்தும், திரும்பி வந்து தம் வீட்டுச் சுவரையே நோக்கினார்.

கூடத்தில் நாம் மாட்டிய படம் 1900-ஆம் ஆண்டில் வரையப்பட்டது. அதன் பெயர் கதிரொளியில் ஆடும் தூசித் துகள்கள் என்னும் பொருளுடையது. 70 சென்டிமீட்டர் உயரமும் 59 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சிறு ஓவியம். இன்று கோபன்ஹேகனுக்கு அருகே ஓர்ட்ரப்கார்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் இருப்பவை ஒரு சன்னல், ஒரு கதவு, வெறுந்தரை, சாம்பல் நிறச் சுவர். மனிதர் இல்லை. நாற்காலியும் இல்லை. சன்னல் வழியே சாய்ந்து வரும் கதிரொளி தரையில் சதுரம் சதுரமாக விழுகிறது. அவ்வொளியின் பாதையில் தூசி மிதக்கிறது. அவ்வளவே.

வினைத்துகள் உயிரின் ஒளியை மறைக்கும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, தூசியே ஒளியைக் காட்டித் தரும் அக்காட்சி சற்றே வியப்பைத் தருகிறது. காற்றில் துகள் இல்லையேல் கதிரின் பாதை கண்ணுக்குத் தெரியாது. உவமையை இதற்குமேல் இழுக்க வேண்டுவதில்லை. ஒன்றும் இல்லாத அறை என்று நாம் கருதியதிலும் எண்ணிலடங்காத ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது என்பதை உணர்ந்தால் போதும்.

வெறுமை துறவாகுமா?

இனி, பெரியவர் உரைத்ததை ஆராய்வோம். அவ்வறை துறவியின் அறை போல் இருக்கிறது என்றார். தோற்றத்தில் அது மெய்யே. ஆனால் அவ்வறை எப்போதும் அவ்வாறு இருந்ததில்லை. அதே சுவரையும் அதே சன்னலையும் ஓவியர் பல முறை வரைந்திருக்கிறார். ஒரு படத்தில் மேசை இருக்கும். மற்றொன்றில் நாற்காலி இருக்கும். இன்னொன்றில் ஈடா இருப்பார். பிறிதொன்றில் எதுவும் இராது. அதாவது, வரைவதற்காகப் பொருள்களை நகர்த்தினார், அகற்றினார், மீண்டும் வைத்தார். சில படங்களில் கதவுகளுக்குக் கைப்பிடியே இல்லை. கதவு இருந்தால் கைப்பிடியும் இருந்திருக்கும் அன்றோ? அதை விட்டுவிட்டே வரைந்தார். அவர் வீட்டில் பியானோ உண்டு, பழங்கால மரச்சாமான்கள் உண்டு, பீங்கான் கலங்கள் உண்டு. படங்களிலேயே அவை மாறி மாறித் தோன்றுகின்றன.

அப்படியாயின் அவ்வெறுமை பொய்யா? பொருளை அடுத்த அறைக்கு நகர்த்திவிட்டு, இவ்வறையில் பொருள் இல்லை என்று காட்டுவது ஏமாற்று ஆகாதா? இவ்வினாவை நாம் விரைந்து ஒதுக்கிவிடக் கூடாது. ஏனெனில் நம்மிற் பலர் செய்வதும் இதுவே. விருந்தினர் வரும் முன் கூடத்தை ஒழுங்கு செய்கிறோம். கூடத்தில் இருந்தவை பரணுக்கும் உள்ளறைக்கும் செல்கின்றன. வீடு தூய்மையாகத் தோன்றுகிறது. பொருளின் அளவு ஓர் அணுவும் குறைவதில்லை.

ஆழ்ந்து நோக்கின், ஓவியர் பொய் உரைத்தார் என்று கொள்ள வேண்டுவதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆளில்லாத அறைக்கும் ஓர் அழகு உண்டு, ஆளில்லாதபோதே அது மிகுதியாகத் தெரியலாம் என்னும் கருத்தை அவரே ஒரு நேர்காணலில் வெளியிட்டிருக்கிறார். தாம் துறவி என்று அவர் சொல்லிக் கொண்டதில்லை. அக்காலத்து நடுத்தரச் செல்வர் வீடுகளில் கனத்த திரைகள், மெத்தை இருக்கைகள், செடிச் சாடிகள், சிறு சிறு அலங்காரப் பொருள்கள் என்று இடைவெளியின்றி அடுக்கி வைப்பதே வழக்கமாய் இருந்தது. அவ்வழக்கத்தின் நடுவே, ஒளி விழுவதற்கு இடம் விடுங்கள் என்று ஒருவர் சொன்னதாக அப்படங்களைக் கொள்ளலாம். அது கண்ணுக்கு அவர் விதித்துக் கொண்ட ஒழுக்கம். போற்றத்தக்கதே. ஆனால் கண்ணின் ஒழுக்கம் வேறு, துறவு வேறு.

இவ்வேறுபாட்டை அளக்க நம் ஆசான்கள் நமக்கு ஒரு கோலைத் தந்திருக்கின்றனர். பொருள் அருகில் இருப்பதன்று, பொருளின்மேல் எழும் மயக்கமே பரிக்கிரகம் என்பது அவர்கள் வகுத்த இலக்கணம். அக்கோலை இவ்வறையில் வைத்துப் பார்ப்போம். வெற்றறையில் அமர்ந்திருப்பவன், அவ்வெறுமையின்மேலேயே மயக்கம் கொண்டிருக்கலாம். ‘என் வீடு எவ்வளவு எளியது’ என்று ஒருவன் உள்ளூர மகிழ்வானாயின், அவன் ஒரு பொருளைச் சேர்த்துவிட்டான் என்றே பொருள். அப்பொருளுக்குப் பரண் தேவையில்லை. ஆகவே அதனை எடுத்து எறிவதும் அரிது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டை அவ்வோவியங்களின் பிற்கால வரலாறே தருகிறது. ஹாமர்ஷோய் 1916-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-இல், தம் 51-ஆம் வயதில், தொண்டைப் புற்றுநோயால் மறைந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் பிற நாட்டார் அவரை அதிகம் நினைக்கவில்லை. பின்னர் 1997-இல் பாரிசிலும் 2008-இல் இலண்டனிலும் அவருடைய படங்களுக்குப் பெருங்கண்காட்சிகள் நடந்தன. 2023-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நடந்த ஏலம் ஒன்றில், ஸ்ட்ராண்ட்கேட் வீட்டின் இசையறையைக் காட்டும் 1907-ஆம் ஆண்டுப் படம் 90 இலட்சம் அமெரிக்க டாலருக்கும் மேலான விலைக்குச் சென்றது. அவ்வீட்டில் அவர் வாடகைக்கு இருந்தவர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தமக்குச் சொந்தமில்லாத ஓர் அறை. அதில் பெரும்பாலும் வெற்றுச் சுவர். அதன் சாயலைத் தமதாக்கிக் கொள்ள அவ்வளவு பெரிய தொகை. குறை ஓவியத்தினுடையது அன்று. பற்றின்மையின் உருவத்தையும் பற்றிக் கொள்ளும் ஆற்றல் மனித மனத்திற்கு உண்டு என்பதே நாம் அறிய வேண்டியது.

திரும்பிப் பாராத பெண்

இனி அம்மையாரின் வினாவுக்கு வருவோம். நேர்மையாகச் சொல்வதானால், இதற்கு விடை காண்பது முன்னதினும் கடினமாக இருந்தது.

ஹாமர்ஷோயின் அறைகளில் மனிதர் இருப்பின், பெரும்பாலும் அது ஒரு பெண்ணே. பலவற்றில் அவர் மனைவி ஈடா. கரிய உடை. கூந்தலைத் தூக்கி முடிந்திருப்பதால் பிடரி வெளிறித் தெரிகிறது. அவர் முதுகைக் காட்டி நிற்கிறார், அல்லது அமர்ந்திருக்கிறார். ராண்டர்ஸ் நகர அருங்காட்சியகத்தில் உள்ள புகழ் பெற்ற படத்தில், ஒரு பெண் தட்டு ஒன்றை இடுப்பில் அணைத்துக் கொண்டு முதுகைக் காட்டி நிற்கிறாள். அருகே மூடியுடன் கூடிய பெரிய பீங்கான் கலம். அவள் எதை எண்ணுகிறாள்? களைத்திருக்கிறாளா, நிறைவோடு இருக்கிறாளா? அறிய வழியில்லை.

இதனை இரு வகையாகக் கொள்ளலாம். முதலாவது, இது மரியாதை. பிறர் முகத்தை ஊடுருவிப் பார்க்கும் உரிமை ஓவியனுக்கும் இல்லை, கணவனுக்கும் இல்லை. அவளுடைய எண்ணம் அவளுடையது. அதனை அவளிடமே விட்டுவிட்டான் என்பது. இரண்டாவது, இது மறைப்பு. நாற்காலியைப் போலவும் கலத்தைப் போலவும் அவளையும் ஒரு வடிவமாக்கி, ஓவியத்தின் அமைதிக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தினான். அவள் பேசினால் அவ்வமைதி கெடும் என்பதால் அவள் வாயையும் முகத்தையும் அப்புறம் திருப்பினான் என்பது. இரண்டும் ஒரே படத்திலிருந்து எழுகின்றன. இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

ஒப்புநோக்க அதே நாட்டின் வேறு படங்கள் உதவுகின்றன. ஆன்னா ஆங்கர் என்னும் பெண் ஓவியர் 1859-இல் ஸ்கேகன் என்ற மீனவ ஊரில் பிறந்தவர். 1891-இல் அவர் வரைந்த படத்தில் நீல நிற அறை ஒன்றில் அவருடைய சிறுமகள் ஹெல்கா நமக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, கைப்பின்னல் வேலையில் மூழ்கியிருக்கிறாள். சுவரில் சன்னலின் ஒளி. அங்கும் முகம் தெரியவில்லை. ஆனால் எவரும் அக்குழந்தை மறைக்கப்பட்டாள் என்று சொல்லமாட்டார். அவள் தன் வேலையில் இருக்கிறாள். தாய் அதைக் கலைக்காமல் நோக்குகிறாள். ஈடாவின் உடன்பிறந்தவரான பீட்டர் இல்ஸ்டெட் என்பவரும் இத்தகைய அறைகளை வரைந்தவரே. அவர் படங்களில் குழந்தைகள் அமர்ந்து படிப்பதும் பெண்கள் வீட்டு வேலை செய்வதும் இதமான ஒளியில் தெரிகின்றன. ஆகவே முதுகைக் காட்டுவதோ பேசாதிருப்பதோ தன்னளவில் குற்றமும் அன்று, குணமும் அன்று.

ஹாமர்ஷோய் தம் மனைவியின் முகத்தை வரையாமலே விட்டுவிடவும் இல்லை. 1907-இல் வரைந்த படம் ஒன்றில் ஈடா மேசையருகே அமர்ந்து கோப்பையைக் கரண்டியால் கலக்குகிறார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அதைவிட முதியவராகவே தோன்றுகிறார். முகத்தில் பசுமை கலந்த வெளிறிய நிறம். கண்கள் நம்மை நோக்கவில்லை. அழகுபடுத்தும் எண்ணம் சிறிதும் இன்றி வரைந்த முகம் அது. அதனைக் கண்டபின், பின்புறம் காட்டி நின்ற பெண்ணின் மௌனத்திலும் களைப்பு இருந்திருக்கலாம் என்னும் எண்ணத்தைத் தவிர்க்க இயலவில்லை. கணவர் அதைக் கண்டார், மறைக்காமல் வரைந்தார் என்பது அவருக்குப் பெருமையே. கண்டபின் என்ன செய்தார் என்பதை ஓவியம் சொல்லாது.

நாம் காணும் முடிவு இது. தானே மேற்கொள்ளும் மௌனம் நோன்பாகும். பிறர்மேல் சுமத்தப்படும் மௌனம் இம்சையாகும். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அதனால்தான் இரண்டாவது நெடுங்காலம் முதலாவதாக மதிக்கப்பட்டு வருகிறது. ‘எங்கள் வீட்டில் ஒரு சொல் உயர்ந்து கேட்டதில்லை’ என்று பெருமை கொள்ளும் குடும்பத் தலைவர், அச்சொல் எவர் தொண்டையில் அடங்கியது என்பதைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். வாயால் அடிக்காமலும் கையால் அடிக்காமலும், கேட்காமலிருப்பதாலேயே ஓர் உயிரை வருத்த முடியும்.

சன்னலுக்கு வெளியே

அடங்கிய ஓசை எவருடையது என்னும் இவ்வினா வீட்டின் வாயிலோடு நின்றுவிடுவதும் இல்லை. ஓவியர் வாழ்ந்த அதே ஸ்ட்ராண்ட்கேட் தெருவில் டேனிஷ் ஆசியக் கம்பெனியின் பழைய கட்டடங்கள் உள்ளன. 1902-இல் அவற்றையும் அவர் வரைந்தார். இரு பெருங்கட்டடங்கள், நடுவே வாயில், மங்கிய வானம். ஆள் நடமாட்டமே இல்லை. தம் இறுதி நாள்களில் அதே தெருவில் 25-ஆம் எண்ணுள்ள வீட்டில், அக்கம்பெனிக்கு உரியதாய் இருந்த கட்டடத்திலேயே, அவர் வாழ்ந்தார்.

அக்கம்பெனி நமக்கு அயலானது அன்று. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால் டேனியர் தரங்கம்பாடியைப் பெற்றுக் கோட்டை எழுப்பினர். 1845-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கும் வரை அது அவர்கள் கையில் இருந்தது. அவ்வணிகத்தில் 1732-இல் அரச பட்டயம் பெற்ற ஆசியக் கம்பெனிக்குப் பெரும் பங்கு உண்டு. நம் கடற்கரையில் ஏற்றப்பட்ட துணிப்பொதிகளின் கணக்கு அந்தத் தெருவில்தான் எழுதப்பட்டது. ஓவியர் அதை வரைந்த காலத்தில் கம்பெனி மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. ஆகவே தெரு அமைதியாக இருந்தது. ஆனால் நெய்தவர், சுமந்தவர், கப்பலில் மாண்டவர் ஆகியோரின் ஓசை அங்கே என்றும் இல்லாதிருந்ததன்று. அடங்கிப் போயிற்று, அவ்வளவே. அமைதியான ஒரு வீட்டைக் காணும்போது, அதன் அமைதிக்கு வெளியே எவர் உழைத்தனர் என்று வினவுவதும் அகிம்சையின் ஒரு பகுதியே. நம் கூடத்து அமைதிக்கும் இவ்வினா பொருந்தும்.

நாம் செய்யத் தக்கது

1904-இல் ரில்கே என்னும் செருமானியக் கவிஞர் ஹாமர்ஷோயைக் கோபன்ஹேகனில் சந்தித்தார். அவரைப் பற்றிக் கட்டுரை எழுத விரும்பினார், எழுதி முடிக்கவில்லை. பெருங்கவிஞருக்கே முடியாததை நாம் முடித்துவிட்டதாகக் கருதவில்லை. இரண்டு செயல்களை மட்டும் சொல்லி நிறைவு செய்கிறோம்.

சாமாயிகத்தில் 48 நிமிடம் அமரும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதில் அமரும் முன், நாம் அமரும் இடத்தை ஒரு முறை நோக்குவோம். எது இருக்கிறது என்பதோடு, எதை அடுத்த அறைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம் என்பதையும் நினைப்போம். அளவு விரதம் கொண்டோர் அளக்க வேண்டியது கூடத்தை அன்று, பரணை. பரணையும் அன்று, அதன்மேல் நாம் வைத்திருக்கும் மனத்தை.

எழுந்தபின், வீட்டில் நமக்கு முதுகைக் காட்டி வேலை செய்து கொண்டிருப்பவர் எவரோ, அவர் தாயாயினும் மனைவியாயினும் மருமகளாயினும் பணிப்பெண்ணாயினும், அவர்பால் சென்று, அவர் திரும்பும் வரை காத்திருப்போம். ஓவியர் தம் மனைவியை எத்தனை மணி நேரம் அவ்வாறு நிறுத்தி வரைந்தாரோ, அத்தனை பொறுமை நமக்கு வேண்டுவதில்லை. அவர் சொல்வதை முழுதும் கேட்கும் பொறுமை போதும்.

எம் இல்லத்து அம்மையாரிடம் இக்கட்டுரையைப் படித்துக் காட்டினோம். “அந்தப் பெண் திரும்பியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யாராவது கேட்டார்களா?” என்றார். நாம் விடை கூறவில்லை. அவர் என்ன சொல்ல விரும்புகிறார் என்று கேட்டோம். அன்று மாலை நெடுநேரம் அவர் பேசினார், நாம் கேட்டிருந்தோம்.